பழைய மோட்டார் வண்டியின் ஒட்டுப்பட்டிகள்



கண்டி மாநகரில் மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு மழையே முதற்பகை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த இந்நகரில், ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,800 முதல் 2,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கின்றது. தென்மேற்குப் பருவத்தின் தூறல் ஓய்ந்தபின் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பிற்பகல்தோறும் இடியுடன் கூடிய பெருமழை தொடங்கிவிடும். பேராதனை வீதியோரத்திலோ, கட்டுகஸ்தோட்டையில் ஒரு பலாமரத்தின் நிழலிலோ சில வாரங்கள் அசையாமல் நின்ற காரைச் சுற்றி வந்து பார்ப்போர், அதன் சன்னல் ரப்பர்களிலும் கதவோரப் பட்டிகளிலும் பச்சைப்பாசி படிந்திருப்பதைக் காண்பர். பாசி படிந்த இடத்தில் ஈரம் தங்குகின்றது என்பது பொருள். ஈரம் தங்கிய இடத்தில் இரும்புத் தகட்டுக்கு நேர்வது யாதென்று சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே பட்டி என்பது, வண்டியின் வெளிப்புறத்தில் அழகுக்காகவோ காப்புக்காகவோ ஒட்டப்பட்டிருக்கும் உறுப்புகள் அனைத்தையும் குறிக்கும். கதவின் நடுவே நீளமாக ஓடும் 'பீடிங்', சன்னலுக்கு மேலே மழை உள்ளே அடிக்காமல் தடுக்கும் 'வைசர்', சில்லுக்கு மேலுள்ள வளைவைச் சுற்றிய ஓரம், பின்மூடியில் வண்டியின் பெயரைத் தாங்கிய எழுத்துக்கள் ஆகிய யாவும் இதில் அடங்கும். இவை ஆண்டுகள் பல சென்றபின் வெளிறி, வெடித்து, ஒரு முனையில் மேலெழுந்து நிற்கும். அப்போது உரிமையாளரின் கை தானாகவே அம்முனையைப் பிடித்து இழுக்கின்றது. பட்டி வந்துவிடுகின்றது; அதனோடு வர்ணமும் வந்துவிடுகின்றது. நகத்தின் அளவே பெயர்ந்தாலும், அந்த ஓட்டையின் வழியாக அடுத்த மழைக்காலம் தகட்டுக்குள் நுழைந்துவிடும்.

புதிய வண்டி எளிதிற் கிடைக்கும் நாட்டில் இது சிறு விடயமாக இருக்கலாம். இலங்கையில் அவ்வாறன்று. 1977ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் யப்பானில் ஓடிப் பழகிய டொயோட்டா கொரோலா, நிசான் சன்னி, மிட்சுபிஷி லான்சர் முதலிய வண்டிகள் பெருந்தொகையாக வந்திறங்கின. அவற்றுட் பல இன்றும் கடுகண்ணாவைக் கணவாயை இரண்டாங் கியரில் ஏறி வருகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து ஆண்டுகளிற் பழைய வண்டிகளின் விலை, புதிதாக வந்தபோது அவை விற்கப்பட்ட விலையையும் கடந்து ஏறிற்று. தடை நீங்கிய பின்னும் வரி குறைவாக இல்லை. ஆகவே முப்பது ஆண்டு வயதான ஒரு கார் பல குடும்பங்களுக்கு இருக்கும் ஒரே கார். இனியும் நெடுங்காலம் இருக்கப்போகும் கார். அதன் தொழிற்சாலை வர்ணம் ஒரு தடவை போனால் அவ்வளவுதான். கராஜில் எவ்வளவு திறமையாகப் பூசினாலும், சூளையில் 120 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுட்டெடுத்த பூச்சின் பிடிப்பு, காற்றில் உலர்ந்த பூச்சுக்கு வருவது அரிது.

ஒட்டியதை உரிக்கும்போது வர்ணமும் உரியும் இத்தொல்லை புதியதன்று. ஒரு நூற்றாண்டு வயதுடையது. 1920களில் விரைவில் உலரும் செலுலோசு வர்ணம் அமெரிக்க வண்டிகளுக்கு வந்தது. அதனால் ஒரே வண்டிக்கு இரண்டு நிறம் பூசும் நாகரிகம் பரவிற்று. ஒரு நிறத்தைப் பூசுகையில் மற்றதைக் காகிதத்தால் மறைக்க வேண்டும். காகிதத்தை நிறுத்தப் பசை வேண்டும். அப்பசையை உரிக்கும்போது புதிதாகப் பூசிய நிறமும் கூடவே வந்ததால் தொழிலாளர் சினந்து வைதனர். மினசோட்டா மாநிலத்துச் சென்போல் நகரில், உப்புத்தாள் செய்யும் 3எம் நிறுவனத்தின் ஆய்வுகூட உதவியாளரான றிச்சட் டுறூ என்ற இளைஞர், தாளைச் சோதிக்கச் சென்ற பட்டறையில் அந்த வசவைக் கேட்டார். இரண்டு ஆண்டு முயன்று 1925இல் அவர் செய்த விடைதான், இன்று ஒவ்வொரு கராஜிலும் தொங்கும் 'மாஸ்கிங் டேப்'. பிடிக்க வேண்டிய அளவு மாத்திரம் பிடித்து, விட வேண்டியபோது விடும் பசை அது. அதே நிறுவனம் 1980இல், விடவே விடாத பசையை நுரைநாடாவாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கதவில் ஒட்டியிருக்கும் பட்டிகளிற் பெரும்பாலானவை இவ்வகை அக்கிரிலிக் நுரைநாடாவையே நம்பி நிற்கின்றன.

இந்நாடாவைப் பிரிக்க முனைபவர் முதலில் அறிய வேண்டியது ஒன்று. பட்டிக்கும் தகட்டுக்கும் இடையே பல அடுக்குகள் உள்ளன: பட்டியின் பிளாஸ்டிக், அதன்மேற் பசை, நடுவே நுரை, மறுபடியும் பசை, அதன்கீழ் மேல்வர்ணம், அடிப்பூச்சு, இறுதியில் இரும்பு. இழுக்கும்போது இவற்றுள் எது மிகவும் மெலிந்ததோ அங்கேதான் பிரியும். நல்ல நாடாவும் நைந்த வர்ணமும் சேர்ந்திருந்தால் வர்ணமே பிரியும், இதில் வியப்பில்லை. எனவே வலிமையைக் கூட்டிப் பயனில்லை. நடுவிலுள்ள நுரையையே எல்லாவற்றிலும் மெலிந்ததாக ஆக்கிவிட வேண்டும். பின்வரும் முறை முழுவதும் அந்த ஒன்றுக்காகவே.

நுரை மெலிவதற்கு வழி இரண்டு: சூடும் வெட்டும். அக்கிரிலிக் பசையின் இயல்பு கித்துள் பாணியின் இயல்பை ஒத்தது. மார்கழி விடியலிற் போத்தலைச் சாய்த்தால் பாணி இறங்க மறுக்கும். வெயிலில் வைத்தாலோ ஒழுகும். மேலும், அவசரப்பட்டுச் சடுதியாக இழுத்தால் இப்பசை இறுகி எதிர்க்கும். மெல்ல இழுத்தால் நெகிழ்ந்து நீளும். சடுதியில் இழுப்பவர் பசையை இரும்பாக்கிக்கொண்டு, தம் வர்ணத்தோடு தாமே போராடுகிறார்.

ஆயினும் சூடு காட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள் இன்றியமையாதன.

பட்டி உண்மையில் ஒட்டப்பட்டதா என்பது முதற் சோதனை. மொரிஸ் மைனர், ஒஸ்டின் முதலிய முன்னாளைய பிரித்தானிய வண்டிகளில் உலோகப் பட்டிகள் பெரும்பாலும் துளையிட்டுக் கிளிப்பினாலோ சிறு திருகினாலோ மாட்டப்பட்டவை. அவற்றில் எவ்வளவு சூடு காட்டினாலும் பயனில்லை. நெம்பினால் தகடு நெளியும். யப்பானிய வண்டிகளின் பின்மூடி எழுத்துக்களிலும் சிலவற்றுக்குப் பசையோடு சிறு முளைகளும் உண்டு. மூடியைத் திறந்து உட்புறத்திற் கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால் துளையோ மரையோ தென்படும். கதவின் உட்பக்கத்தைப் பார்க்க உள்மூடியைக் கழற்றவேண்டியிருக்கும். அந்த அரைமணி நேரத்தை வீண் என்று எண்ணுபவர்கள் பின்னர் ஒரு நாள் முழுவதையும் இழக்கக்கூடும்.

பட்டியைச் சூழ்ந்த வர்ணம் எத்தகையது என்பது இரண்டாஞ் சோதனை, இதுவே முக்கியமானது. கண்டியிலுள்ள பழைய வண்டி எதுவாயினும், அது ஒருமுறையேனும் டிங்கர் வேலைக்கு உட்பட்டிருக்கலாம் என்று கொள்வதே நலம். ஒடுங்கிய தெருக்களும் வளைந்த மலைப்பாதைகளும் கதவுகளை எளிதில் விடுவதில்லை. மெல்லிய துணியிற் சுற்றிய ஒரு சிறு காந்தத்தைப் பட்டியின் மேலும் கீழும் மெல்ல நகர்த்திச் செல்லலாம். ஓரிடத்திற் காந்தத்தின் பிடி தளர்ந்தால் அங்கே தகட்டின்மேல் புட்டி தடிப்பாக இருக்கின்றது. புட்டியின்மேல் இருக்கும் வர்ணத்தில் இழுப்பும் கூடாது, மிகுந்த சூடும் கூடாது. அடுத்து, கதவைத் திறந்தால் மாத்திரம் தெரியும் ஓரத்தில், வெள்ளைத் துணியின் நுனியில் ஒரு துளி தின்னரைத் தொட்டு மெல்லத் துடைத்துப் பார்க்கலாம். துணியில் நிறம் தாராளமாக ஏறி, துடைத்த இடம் ஒட்டும் பதமாக மாறினால் அது செலுலோசு வர்ணம். எனாமலிற் பழுதடைந்து சுருங்கும் குணம் உண்டு. சூளையிற் சுட்ட தொழிற்சாலை வர்ணமும், இரு திரவம் கலந்து பூசிய பிற்கால வர்ணமும் ஒரு துளிக்கு அசைவதில்லை. இந்தச் சோதனைக்கு அப்பால் தின்னருக்கு இவ்வேலையில் இடமே இல்லை. பசையைக் கரைக்கும் என்று சொல்லித் தின்னரில் நனைத்த பஞ்சைக் கதவில் வைப்பது, கராஜுகளில் இன்றும் நடக்கும் பெரும்பிழை. அது பசையைக் கரைப்பது உண்மை. பசை எது, வர்ணம் எது என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது என்பதும் உண்மை.

இனி வேலையைத் தொடங்கலாம். மழையில்லாத நாளாக இருத்தல் வேண்டும். வண்டியை நன்கு கழுவி, பட்டியின் இடுக்குகளில் அடைந்த மணலைப் பழைய பற்தூரிகையால் அகற்ற வேண்டும். பின்னால் தங்கும் ஒரு மணல் அரிசியே நீண்ட கீறலுக்குப் போதும். பட்டி ஓடும் கோட்டை மேலும் கீழும் மாஸ்கிங் டேப்பால் எல்லை கட்டுவது நல்லது. டுறூவின் கண்டுபிடிப்பு இங்கே பிறந்த தொழிலையே செய்கின்றது. ஆனால் வர்ணம் செதில் செதிலாக நிற்கும் இடத்தில் அந்த டேப்பையும் ஒட்டக்கூடாது.

சூட்டுக்குத் தலைமயிர் உலர்த்தும் மின்கருவி போதும். ஒரு சாண் நீளத்துக்கு அதை முன்னும் பின்னும் அசைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் சூடாக்க வேண்டும். பட்டியின் அருகே தகட்டில் உள்ளங்கையை வைத்தால் மூன்று நான்கு நொடி பொறுக்கும்படி இருப்பதே சரியான அளவு. அது ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ். மின்வசதி எட்டாத இடத்தில், வெந்நீரிற் பிழிந்த துவாயைப் பட்டியின்மேற் பலமுறை மாற்றிப் போடலாம். நண்பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்த கருநிற வண்டிக்கு அதுவும் தேவைப்படாது. வர்ணம் உரிப்பதற்கென்றே செய்யப்பட்ட வெப்பக்காற்றுத் துப்பாக்கி, 300 பாகைக்கு மேலும் கக்கும். அது வந்தால் பட்டி உருகும், வர்ணம் கொப்புளிக்கும்.

நுரை இளகியதும் வெட்டு. கத்தியும் திருகாணிச்சாவியும் வேண்டாம். இரும்புக்கு இரும்பு துணைபோகும். இடையிலுள்ள வர்ணத்துக்கு எவரும் துணையில்லை. இதற்குச் சிறந்த ஆயுதம் தங்கூசி. மீன் பிடிக்கும் அதே நைலோன் இழைதான். கடலுக்கு நெடுந்தூரத்திலுள்ள கண்டிக் கடைகளிலும் அது கிடைக்கின்றது. அரை மில்லிமீற்றர் அளவுள்ள தங்கூசியில் ஒரு முழத்துக்குச் சற்று மேல் எடுத்து, இரு நுனிகளையும் சிறு குச்சிகளிற் சுற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல் விரல் அறுபடும். மேலெழுந்த முனையிலிருந்து இழையைப் பட்டிக்கும் தகட்டுக்கும் இடையே நுழைத்து, அரிவாளால் அரிவதுபோல் அன்றி, தயிர் கடையும் மத்தின் கயிற்றைப்போல் வலமும் இடமுமாக மாறிமாறி இழுக்க வேண்டும். இழை எப்போதும் பட்டியின் பக்கம் சாய்ந்திருக்கட்டும். வர்ணத்தின் பக்கம் அழுந்தக்கூடாது. சவர்க்கார நீரைச் சிறிது தெளித்துக்கொண்டால் இழை தடையின்றி ஓடும். நுரை நடுவே இரண்டாகப் பிளந்து, பாதி பட்டியோடும் பாதி கதவோடும் நிற்பதே வெற்றியின் அடையாளம். கதவில் ஒன்றும் எஞ்சாமற் பட்டி சுத்தமாக வந்துவிட்டதென்று மகிழ்பவர், அப்பட்டியின் பின்புறத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இழை இறுகி நின்றால் பலத்தைக் கூட்டாமல் சூட்டைக் கூட்ட வேண்டும். மறுபடியும் ஒரு நிமிடம். ஒரு கதவின் பீடிங்குக்கு இருபது நிமிடம் செல்லலாம். வெட்டப்பட்ட பகுதி தன் பாரத்தாற் தொங்கி மிகுதியை நெம்பாதவாறு, அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் உடனிருப்பது நல்லது. வைசரைக் கழற்றுபவர் அது கண்ணாடிபோல் உடையும் பிளாஸ்டிக் என்பதை மறக்கலாகாது. பழையதாயின் சூட்டிலும் உடையும். உடைந்தாற் கண்ணுக்குத் தெறிக்கும்.

இப்போது கதவில் எஞ்சியிருப்பது நுரையின் மிச்சமும் பசையும். கண்டிச் சமையலறைக்கு இதிற் பழைய அனுபவம் உண்டு. பலாக்காயை வெட்டிய கையிற் பிடித்த பால் தண்ணீருக்கும் சவர்க்காரத்துக்கும் அசைவதில்லை. தேங்காயெண்ணெய் தடவியதும் நழுவிவிடுகின்றது. பலா வெட்டுமுன் கத்தியில் எண்ணெய் பூசும் வழக்கமும் அதனாலேயே. பட்டியின் பசைக்கும் எண்ணெய்தான் முதல் மருந்து. முதலில் சூடு காட்டிப் பெருவிரலால் நுரையை உருட்டினால் பெரும்பகுதி திரண்டு வரும். விரல் நோகும்போது பழைய வங்கி அட்டையின் விளிம்பைச் சாய்த்துத் தள்ளலாம். பின்னர் தேங்காயெண்ணெயில் நனைத்த துணியை எஞ்சியதன்மேல் கால்மணி நேரம் விட்டுவைத்து உருட்ட வேண்டும். அதற்கும் மசியாத பசைக்கு மண்ணெண்ணெயோ வெள்ளை ஸ்பிரிட்டோ ஏற்றது. அதுவும் துணியில் எடுத்து, திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், சில நிமிடம் மாத்திரம். செலுலோசு வர்ணத்தில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையும் நம்பக்கூடாது. அது மெருகை மங்கவைக்கும். மின்துளைப்பானில் மாட்டும் ரப்பர்ச் சில்லு சுட்ட வர்ணத்துக்கு உதவும். கராஜ் வர்ணத்தில் அது ஒரே நொடியில் அடிப்பூச்சைக் காட்டிவிடும்.

கழுவித் துடைத்த பின்னர் ஒரு நிழல் எஞ்சும். முப்பது ஆண்டு வெயிலைக் காணாத வர்ணம் பட்டியிருந்த இடத்தில் தன் முதல் நிறத்தோடு இருக்கும். சுற்றிலும் உள்ளது வெளிறியிருக்கும். உரிமையாளருக்குப் பெருஞ்சோதனை இங்கேதான். நிழலைத் தேய்த்துப் போக்குவதாக எண்ணிப் பலர் ரப்பிங் காம்பவுண்டை எடுத்து அந்த இடத்தையே தேய்க்கின்றனர். பழுதடைந்தது சுற்றியுள்ள வர்ணம். தேய்க்க வேண்டுவதும் அதனையே. அதுவும் அளவோடு. தொழிற்சாலைப் பூச்சு முழுவதும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைச் சற்றே கடந்த தடிப்புத்தான். அதன் மேற்படலம் ஒரு தலைமயிரிலும் மெல்லியது. ஓரிரு முறை மெருகிட்டும் நிழல் மறையவில்லையெனின் அதை அப்படியே விட்டுவிடுவது புத்தி. மங்கலான ஒரு கோடு வண்டிக்குத் தீங்கு செய்வதில்லை. தேய்ந்துபோன வர்ணம் செய்யும்.

நிழலுக்குப் பதிலாகச் செம்பழுப்புக் கொப்புளங்கள் தென்படுவதும் உண்டு. அவ்வாறாயின் பட்டியைக் கழற்றியது நல்லதாயிற்று. கொப்புளத்தை உப்புத்தாளால் ஒளிரும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே அடிப்பூச்சு இட்டுவிட வேண்டும். கண்டியின் ஈரக்காற்றில் வெறும் இரும்பை ஓர் இரவு விட்டுவைத்தாலும் துரு மீண்டும் தொடங்கிவிடும். கொப்புளமும் இல்லை, முனையும் எழவில்லை, பாசியும் படியவில்லை என்ற பட்டியை எதற்காகக் கழற்ற வேண்டும் என்று கேட்போரும் உளர். கழற்ற வேண்டியதில்லை. மழை நகரில் வைசர் பயனுள்ள பொருளே. மழையிலும் சன்னலை ஒரு விரற்கடை இறக்கிக் காற்று வாங்கலாம்.

பட்டியை மீண்டும் ஒட்ட விரும்புவோர் பழைய நாடாவை முழுவதும் நீக்கி, புதிய அக்கிரிலிக் நுரைநாடாவைப் பட்டியில் இட வேண்டும். கதவில் எண்ணெய்ப் பசை சிறிதும் இருத்தலாகாது. ஒட்டும்போது தகடு 20 பாகைக்கு மேல் இருத்தல் வேண்டும். ஆகையால் மார்கழி, தை மாதங்களில் விடிகாலைக் குளிரில் ஒட்டாமல் நண்பகலைத் தேர்ந்துகொள்வது நன்று. கோட்டை முன்கூட்டியே மாஸ்கிங் டேப்பால் அடையாளமிட்டு, ஒரே முறையில் வைத்து, முனையிலிருந்து முனைவரை உள்ளங்கையால் அழுத்திச் செல்ல வேண்டும். இருபது நிமிடத்திற் பாதிப் பிடிப்பும், ஒரு நாளிற் பெரும்பகுதியும், மூன்று நாளில் முழுமையும் வந்து சேரும். அந்த மூன்று நாளும் வண்டியைக் கழுவாமல், கூரையின்கீழ் நிறுத்திவைத்தல் வேண்டும்.